வேலை நீக்கமும் தர்ம நியாயமும்

கேகாலைப் பகுதியின் ரப்பர்த் தோட்டமொன்றிலே, பால் அளக்கும் வேளையில் கணக்கப்பிள்ளையோடு வாக்குவாதம் மூண்ட தொழிலாளியின் பெயர், மறுநாட் காலைப் பெரட்டில் அழைக்கப்படாமற் போகுமானால், அந்த நீக்கம் அதர்மமாகுமா என்ற வினாவைச் சட்டத்திற்கு மட்டும் விட்டுவிட என் மனம் இசையவில்லை.

சட்டம் தன் கடமையை ஓரளவு செய்தே இருக்கிறது. 1950ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்துக்கு 1957இல் வந்த திருத்தத்தால் அமைந்த தொழில் நியாய சபைகள், ஒப்பந்தத்தின் எழுத்தோடு நின்றுவிடாது, நீதியும் ஒப்புரவுமான கட்டளை பிறப்பிக்கும் அதிகாரம் பெற்றவை. சச்சரவு நேர்ந்ததனாலேயே நீக்கம் நியாயமாகிவிடுவதில்லை, அநியாயமாகிவிடுவதுமில்லை. கைநீட்டி அடித்தவனையும், அளவில் குறை கண்டு குரல் உயர்த்தியவனையும் ஒரே தராசில் வைக்கலாமோ?

ஆனால் தோட்டத்திலே வேலை போனால் கூலியோடு லயத்து அறையும் போய்விடும் என்ற அச்சம் தலைமுறை தலைமுறையாய் வந்தது. 1946இல் கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மியர் தோட்டத்தைக் கிராம விஸ்தரிப்புக்கென எடுத்துக்கொண்ட அரசாங்கம், எவரோடும் சண்டையிடாத தொழிலாளரை வெளியேறச் சொன்னபோது, அவர்கள் லயங்களை விட்டு அசைய மறுத்ததும், ஏனைய தோட்டத்தார் அவர்கள் பொருட்டு வேலைநிறுத்தம் செய்ததும் அந்த அச்சத்தின் ஆழத்தைக் காட்டும். வினைக்கேற்ற பயன் என்பது நம் சமய நியதி. தகப்பன் உதிர்த்த ஒரு கடுஞ்சொல்லுக்காகப் பிள்ளைக்காம்பராவில் உறங்கும் குழந்தையும் வீடிழக்குமாயின், அப்பயன் வினை செய்யாதாரையன்றோ சென்று பற்றுகிறது? குற்றஞ்சாட்டும் துரையே நீதிபதியாகவும் அமரும் விசாரணையை நான் விசாரணையென ஒப்பேன். பொதுவான ஒருவர் இருதரப்பையும் கேட்டு முடிக்கும்வரை, அந்த லயத்து அறையை எவரும் தொடலாகாது.