அடைக்கலமாக வந்த தகவல்

வாடிக்கையாளர் தரும் தகவல் கடைக்காரரின் சொத்தா, அவரிடம் விடப்பட்ட அடைக்கலமா என்பதே அடிப்படைக் கேள்வி. மன்னார்க் கரையின் சமய மரபுகள் அடைக்கலம் என்றே சொல்லும். அங்குள்ள எருக்கலம்பிட்டி ஊர் முஸ்லிம்கள் பேணும் அமானிதம் அதுதான். கத்தோலிக்கத் திருச்சபை இன்னும் நுட்பமாகப் பார்க்கிறது: 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 984ஆம் விதிப்படி, பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியே சொல்லாவிட்டாலும், சொன்னவருக்குக் கேடாகக் குரு அதைப் பயன்படுத்தவே கூடாது. செயற்கை நுண்ணறிவால் ஆளுக்கேற்ப விற்கும் வணிகத்துக்கும் இதுவே அளவுகோலாக வேண்டும். கடன் கொப்பியில் பால்மாவும் மண்ணெண்ணெயும் எழுதப்படுவது கணக்குத் தீர்க்க. மீனவக் குடும்பத்தின் கையில் எப்போது காசு புழங்கும் என்று கணித்து ஆசைகாட்ட அல்ல. தகவல் கசியவில்லை என்பது போதிய நியாயமாகாது. இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், சொன்ன நோக்கத்துக்கு முரணாகத் தரவைக் கையாள இடந்தரவில்லை.