விலக்கிய இடத்தில் என்ன வைத்தோம்?

சென்னையின் பெரிய பலசரக்குக் கடைகளில் இப்போது அரிசி மாவுப் பொட்டலத்தின் மேலும் 'குளூட்டன் ஃப்ரீ' என்று அச்சிட்டிருப்பதைக் காண முடிகிறது. தினை, வரகு, சாமை எல்லாவற்றுக்கும் அதே முத்திரை. அரிசியில் குளூட்டன் என்றைக்கும் இருந்ததில்லை. இல்லாததை இல்லை என்று சொல்வதில் பொய் ஏதுமில்லை. ஆனால் அந்த முத்திரையைப் பார்த்ததும் ஒரு கை நம்பிக்கையோடு நீள்கிறது. உடல் மெலியும், வயிறு லேசாகும், சர்க்கரை அண்டாது, மூளை தெளியும் என்று எத்தனையோ எதிர்பார்ப்புகள் அந்த இரண்டு சொற்களின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. ஓர் உணவில் ஒன்று இல்லை என்பதாலேயே அது நல்ல உணவாகிவிடுமா? இந்தக் கேள்வியை நாம் பொறுமையாகக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் புரதத் தொகுதி. மைதாவில் தண்ணீர் விட்டுப் பிசையும்போது கிளையடின், குளூட்டனின் என்ற இருவகைப் புரதங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, இழுத்தால் நீளும் வலையாகின்றன. பரோட்டா மாஸ்டர் உருண்டை மாவை வீசி வீசி, கல்லின் அடி தெரியும் அளவுக்கு மெல்லிசாக விரிக்க முடிவது அந்த வலையால்தான். அரிசி மாவில் அது கிடையாது. அதனால்தான் இடியாப்பத்துக்கு வெந்நீர் ஊற்றிப் பிசைந்து அச்சில் வைத்துப் பிழிகிறோம். பெரும்பாலான மனிதர்களுக்குக் குளூட்டன் சாப்பாட்டில் சேரும் மற்றொரு புரதம், அவ்வளவுதான்.

சிலருக்கு அப்படியில்லை. அவர்களுடைய உடல் குளூட்டனைக் கண்டதும் தன் சிறுகுடலையே தாக்கத் தொடங்குகிறது. உணவின் சத்தை உறிஞ்சும் நுண்விரல்கள் தேய்ந்து தட்டையாகிவிடுகின்றன. குழந்தைக்கு ஓயாத வயிற்றுப்போக்கு, உப்பிய வயிறு, வளராத உயரம். பெரியவர்களுக்குச் சில சமயம் வயிற்றில் ஒரு தொல்லையும் இருக்காது. எத்தனை இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தாலும் தேறாத ரத்தசோகையாகவோ, வயதுக்கு முன்பே மெலியும் எலும்பாகவோ வெளிப்படும். இதுவே செலியாக் நோய். உலகில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு இது இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். அவர்களில் பலருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது.

இந்த நோய்க்கு உணவே மருந்து என்று கண்டுகொள்ள நெடுங்காலம் ஆனது. லண்டன் மருத்துவர் சாமுவேல் ஜீ 1888-லேயே, இது குணமாவதென்றால் உணவால்தான் ஆக வேண்டும் என்று எழுதிவிட்டார். எந்த உணவு என்பது அவருக்குப் பிடிபடவில்லை. 1924-இல் நியூயார்க்கில் சிட்னி ஹாஸ் வாழைப்பழத்தை முதன்மையாக வைத்த உணவுமுறையைப் பரிந்துரைத்தார். பிள்ளைகள் தேறினார்கள். வாழைப்பழத்தில்தான் மகிமை என்று உலகம் நம்பியது. ஆனால் அந்த உணவுமுறை ரொட்டியை விலக்கியிருந்தது; பிள்ளைகளைக் காப்பாற்றியது அந்த விலக்கு.

உண்மையான குற்றவாளியைக் கண்டுபிடித்தவர் வில்லம் கரேல் டிக்கே என்ற நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர். கோதுமை மேல் அவருக்குப் போருக்கு முன்பே சந்தேகம் இருந்தது. 1944–45 குளிர்காலத்தில் அந்த நாட்டில் கடும் பஞ்சம், ரொட்டி அரிதாயிற்று. அந்த அனுபவம் அவருடைய சந்தேகத்துக்கு வலுச் சேர்த்தது. போர் முடிந்தபின், குழந்தைகளுக்கு ஒரு காலம் கோதுமை கொடுத்தும் ஒரு காலம் நிறுத்தியும், செரிக்காமல் மலத்தில் வெளியேறும் கொழுப்பை அளந்து பார்த்தார்கள். கோதுமையே காரணம் என்பதை 1950-இல் தன் ஆய்வேட்டில் அவர் நிறுவினார். அதற்கு முன் எத்தனையோ பிள்ளைகள் இளைத்து இளைத்து இறந்திருக்கிறார்கள். இன்றுவரை இந்த நோய்க்கு வேறு நிலையான மருந்து இல்லை. வாழ்நாள் முழுவதும் குளூட்டனைத் துளியும் விடாமல் விலக்குவதே சிகிச்சை. ஆகவே குளூட்டன் இல்லா உணவை வெறும் மோகம் என்று சிரித்துத் தள்ளுவது பெருந்தவறு. அது உயிர் காத்த கண்டுபிடிப்பு.

ஆனால் நூற்றில் ஒருவரைக் காப்பது மற்ற தொண்ணூற்றொன்பது பேருக்கும் நலம் தருமா?

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு வெளிச்சம் கிடைக்கிறது. இந்தியாவின் வடக்கு, வடகிழக்கு, தெற்கு ஆகிய மூன்று பகுதிகளில் 23,000-க்கும் மேற்பட்ட ஆரோக்கியமான பெரியவர்களைப் பரிசோதித்த ஆய்வு ஒன்று 2016-இல் வெளியானது. தெற்கில் ஆய்வு நடந்த இடம் வேலூர். செலியாக் நோய் வடக்கில் 1.23 சதவீதம், வடகிழக்கில் 0.87 சதவீதம், தெற்கில் 0.10 சதவீதம். இந்த நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணுக்கள் மூன்று பகுதிகளிலும் ஏறக்குறைய ஒரே அளவில், மூவரில் ஒருவருக்கு இருந்தன. சாப்பிடும் கோதுமையில்தான் பெரிய வேறுபாடு: ஒரு நாளைக்கு வடக்கில் சராசரியாக 455 கிராம், வடகிழக்கில் 37, தெற்கில் 25.

இந்த எண்களை இரண்டு விதமாகப் படிக்கலாம். கோதுமை குறைந்தால் நோயும் குறையும் என்பது ஒன்று. அது ஓரளவு உண்மைதான்; தெற்கில் கோதுமை கூடிக்கொண்டே போகும் இந்நாளில், நம் மருத்துவர்கள் இந்த நோயை மனத்தில் வைத்திருக்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் அதில் இருக்கிறது. ஆனால் இன்னொன்றையும் படித்தாக வேண்டும். தினம் அரைக்கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகக் கோதுமை சாப்பிடும் வடக்கிலும் நூற்றில் தொண்ணூற்றெட்டுப் பேருக்கு மேல் இந்த நோய் இல்லை. மரபணு இருந்தும், மூன்று வேளையும் ரொட்டி சாப்பிட்டும், மிகப் பெரும்பாலோரின் குடல் குளூட்டனோடு சமாதானமாக வாழ்கிறது.

இந்த இரண்டு கரைக்கும் நடுவே ஒரு கூட்டம் நிற்கிறது. பரிசோதனையில் செலியாக் இல்லை; ஆனால் சப்பாத்தி, பிரெட் சாப்பிட்டால் வயிறு உப்புகிறது, உடல் சோர்கிறது; விட்டால் சுகமாக இருக்கிறது. "எல்லாம் உங்க மனப்பிரமை" என்று இவர்களை அனுப்பிவிடக் கூடாது. வலி மெய்யானது. காரணம் எது என்பதே கேள்வி. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் கிப்சனின் குழு 2011-இல் செய்த ஆய்வு, செலியாக் இல்லாதவர்களுக்கும் குளூட்டன் தொல்லை தரலாம் என்று காட்டியது. அதே குழு 2013-இல், குடலில் புளித்து வாயு உண்டாக்கும் சில மாவுச்சத்துகளை உணவிலிருந்து குறைத்துவிட்டு மீண்டும் சோதித்தது. அப்போது குளூட்டனுக்கென்று தனி விளைவு எதுவும் தெரியவில்லை. தன் முந்தைய முடிவைத் தானே இன்னும் கடுமையாகச் சோதித்துப் பார்த்த அந்த நேர்மை வணக்கத்துக்குரியது. 2018-இல் நார்வே ஆய்வாளர்கள், தங்களுக்குக் குளூட்டன் ஒத்துக்கொள்ளாது என்று நம்பிய 59 பேருக்கு, எது என்று சொல்லாமல் மூன்று வகைத் தின்பண்டங்களைக் கொடுத்தார்கள்: ஒன்றில் குளூட்டன், ஒன்றில் ஃப்ரக்டான் என்ற மாவுச்சத்து, ஒன்றில் இரண்டுமில்லை. அதிகத் தொல்லை தந்தது ஃப்ரக்டான். குளூட்டனுக்கும் வெறும் பண்டத்துக்கும் சொல்லும்படி வேறுபாடு இல்லை. கோதுமையில் இருக்கும் அதே ஃப்ரக்டான் வெங்காயத்திலும் பூண்டிலும் இருக்கிறது. இப்படிப்பட்ட ஒருவர் கோதுமையை மட்டும் விட்டுவிட்டு, வெங்காயச் சாம்பாரையும் பூண்டுக் குழம்பையும் தொடர்ந்தால், பாதி விடையோடு வாழ்நாளைக் கழிக்க நேரும்.

சரி, குளூட்டனை விட்டால் மாரடைப்பு வராது, சர்க்கரை வராது என்கிறார்களே? அமெரிக்காவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சுகாதாரப் பணியாளர்களை 1986 முதல் இருபத்தாறு ஆண்டுகள் பின்தொடர்ந்த தரவுகள் 2017-இல் வெளியாயின. குளூட்டன் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு இதயநோய் அதிகமாக வரவில்லை. செலியாக் இல்லாதவர்கள் குளூட்டனைத் தவிர்க்கப் போய் முழுதானியங்களையும் தவிர்த்துவிடுவது இதயத்துக்கு நல்லதல்ல என்றே அந்த ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? தமிழர் சாப்பாடு தலைமுறை தலைமுறையாகப் பெரும்பாலும் குளூட்டன் இல்லாத சாப்பாடுதான். இட்லி, தோசை, சோறு, ஆப்பம், கூழ், களி எதிலும் அது இல்லை. அந்த ஒன்றே போதுமானால், சர்க்கரை நோய் நம் வாசலை மிதித்திருக்கவே கூடாது. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 11.4 சதவீதத்தினருக்கும் தமிழ்நாட்டில் 14.4 சதவீதத்தினருக்கும் சர்க்கரை நோய். இதற்குக் காரணங்கள் பல; உடலுழைப்புக் குறைந்ததும் மரபும் அதில் உண்டு. ஆனால் தவிட்டையும் முளையையும் தீட்டித் தள்ளிவிட்டு, வெறும் மாவுச்சத்தாய் மிஞ்சும் வெள்ளை அரிசியை மூன்று வேளையும் தட்டு நிறையப் போட்டுக்கொண்டதற்கும் பங்குண்டு. அந்தத் தட்டில் குளூட்டன் துளியும் இல்லை. அதில் நார்ச்சத்தும் அநேகமாக இல்லை. முதல் இன்மையைப் பொட்டலம் பெருமையோடு சொல்கிறது, இரண்டாவதைச் சொல்வதில்லை.

குளூட்டன் இல்லாத பிஸ்கட், ரொட்டி, கேக் எல்லாவற்றிலும் நடப்பது இதுதான். குளூட்டனை எடுத்துவிட்டால் பண்டம் உதிரும், சவசவத்துப்போகும். அதைச் சரிக்கட்ட அரிசி மாவும் மக்காச்சோள, மரவள்ளி ஸ்டார்ச்சும் சேர்கின்றன; சுவைக்குப் பல நேரம் சர்க்கரையும் கொழுப்பும் கூடுகின்றன. விலையும் ஏறுகிறது. நோயில்லாத ஒருவர் கூடுதல் காசு கொடுத்துக் குறைந்த சத்தை வாங்கி வருகிறார். மாறாக, மைதா பரோட்டாவையும் பேக்கரிப் பண்டங்களையும் விட்டுவிட்டுக் கம்பு, கேழ்வரகு, பயறு, காய்கறி என்று மாறியவருக்கு உடல் தேறுகிறது. அவர் "குளூட்டனை விட்டேன், தேறினேன்" என்கிறார். தேறியது உண்மை. ஆனால் அவரைத் தேற்றியது புதிதாக வந்து சேர்ந்த நாரும் தாதுக்களும், குறைந்துபோன எண்ணெயும் சர்க்கரையும். கேழ்வரகின் மதிப்பு அதன் கால்சியத்தில் இருக்கிறது, நாரில் இருக்கிறது. அதில் குளூட்டன் இல்லாததில் இல்லை.

இந்த மோகத்தால் அதிகம் வருந்துபவர்கள் உண்மையான நோயாளிகள். அவர்களுக்கு இதனால் நன்மையும் வந்திருக்கிறது: பொருள்கள் பெருகின, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்ற விதியும் பல நாடுகளில் வந்தது. ஆனால் எல்லோரும் பேஷனுக்காகச் செய்வதாகிவிட்டால், உயிருக்காகச் செய்பவரின் சொல்லுக்கும் மதிப்புக் குறைகிறது. "ஒரு வாய் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாதும்மா, கண்ணு" என்று பந்தியில் வாஞ்சையோடு வற்புறுத்தும் அத்தைக்கு, அந்த ஒரு வாய் குழந்தையின் குடலில் என்ன செய்யும் என்பது தெரியாது. சாம்பாரில் போடும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். ஓட்டலில் பரோட்டா போட்ட கல்லிலேயே தோசையும் வார்ப்பார்கள். ரவா தோசையில் ரவையும் மைதாவும் இருக்கும். சத்து பானங்களில் பார்லி மால்ட் இருக்கும். இத்தனையையும் ஒரு தாய் ஒவ்வொரு நாளும் விசாரித்து விசாரித்துத்தான் தன் பிள்ளைக்குச் சோறு போட வேண்டும். அவளுக்கு இது சிகிச்சை. ஒரு நாளும் விடுமுறையில்லாத சிகிச்சை.

இன்னொரு தீங்கும் உண்டு. சந்தேகம் வந்ததும் தானாகவே கோதுமையை நிறுத்திவிட்டால், பிறகு செய்யும் ரத்தப் பரிசோதனையும் குடல் திசுப் பரிசோதனையும் நோயைக் காட்டாமல் போகலாம். வழக்கம்போல் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே பரிசோதிக்க வேண்டும். ஒரே வீட்டில் அண்ணனுக்கு இருந்தால் தங்கைக்கும் இருக்க வாய்ப்பு அதிகம். ஆகவே ஒருவருக்குத் தெரிய வரும் விடை குடும்பத்துக்கே வழிகாட்டும். அவசரப்பட்டு விலக்கினால் அந்த விடை கைநழுவிப் போகும்.

நலம் என்பதை விலக்குகளின் பட்டியலாக நினைக்கும் காலத்தில் வாழ்கிறோம். ஒரு காலத்தில் தேங்காய் எண்ணெய் விரோதி, பிறகு முட்டையின் மஞ்சள் கரு, இப்போது குளூட்டன். ஒரு குற்றவாளியைப் பிடித்துவிட்டால் மற்ற எல்லாம் சரியாகிவிடும் என்று நம்ப மனத்துக்குப் பிடித்திருக்கிறது. ஏனென்றால் ஒன்றை விலக்குவது எளிது. தினமும் சமைப்பதும், அளவறிந்து உண்பதும், நடப்பதும், நேரத்துக்கு உறங்குவதும் கடினம். அந்தக் கடினத்திலிருந்து தப்பிக்கும் வழியாகத்தான் பொட்டலத்தின் மேலுள்ள முத்திரையை நாடுகிறோம்.

டிக்கே கண்டுபிடித்தது எல்லோருக்குமான உணவு விதியை அன்று. ஒரு குறிப்பிட்ட நோயாளிக் குழந்தையின் உடல் எதைத் தாங்காது என்பதை அவர் கண்டார். அந்தக் குழந்தையை உற்றுக் கவனித்தார், அளந்தார், மீண்டும் சோதித்தார். அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவர் கொடுத்த பத்தியத்தை அல்ல, அவருடைய கவனத்தை. பத்தியம் நோய்க்குரியது, கவனம் எல்லோருக்கும் உரியது. என் உடலுக்கு எது ஆகாது என்று பரிசோதித்து அறிவதும், ஆகாததை விலக்கினால் அந்த இடத்தில் எதை வைக்கிறேன் என்று கேட்பதும், அடுத்தவர் உடல் கேட்கும் பத்தியத்தை நம்பி மதிப்பதும் அந்தக் கவனத்தின் மூன்று முகங்கள். எந்த உணவும் தன்னிடம் இல்லாததைக் கொண்டு யாரையும் வளர்த்ததில்லை. இருப்பதைக் கொண்டே வளர்க்கிறது.