பழைய பயமும் புதிய காயமும்

கிழக்கிலங்கையில் மூதூரை அடுத்த கட்டைபறிச்சானில் பிழைப்பு என்றால் வயல், கடல், மேசன் வேலை. இல்லாவிட்டால் திருகோணமலைப் பக்கம் போய் நாட்கூலி. கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்த ஒரு மேசனை நினைத்துக்கொள்வோம். எலும்பு பொருந்திவிட்டது. ஆனால் ஏணியில் கால் வைத்ததும் கை நடுங்குகிறது, இரவில் தூக்கமில்லை. வேலை கொடுத்தவர் கல்நெஞ்சர் அல்லர். மருந்துச் செலவையும் கொடுத்தவர். அவர் கேட்கிறார்: "இந்தப் பயம் என்ர வேலையால வந்ததோ? அவர் சண்டைக் காலத்திலயே மனம் உடைஞ்சவர்தானே?"

கேள்வியில் உண்மை இல்லாமலில்லை. 2004 கடைசியில் சுனாமி. 2006 ஏப்ரலில் மூதூர் கிழக்கில் குண்டுகள் விழுந்தன. சண்டை மூண்டதும் சனம் வெருகல் ஆற்றைக் கடந்து வாகரைக்கும் மட்டக்களப்புக்கும் ஓடியது. மற்றவர்கள் ஊர் திரும்பிய பிறகும் அயலூரான சம்பூர் மக்கள் கட்டைபறிச்சான் முகாமில் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். 2015இலிருந்துதான் அவர்களுடைய காணிகள் கைக்கு வரத் தொடங்கின. இத்தனையையும் கண்டவரின் நடுக்கத்தில் போர் தந்தது எவ்வளவு, சாரம் தந்தது எவ்வளவு என்று யாரால் பிரிக்க முடியும்?

பிரிக்கத் தேவையில்லை என்பதே நியாயம். 1901இல் லண்டன் நீதிமன்றம் ஒன்றுக்கு இப்படி ஒரு வழக்கு வந்தது. மதுக்கடைக்குள் குதிரை வண்டி புகுந்தது. உள்ளே நின்ற கர்ப்பிணி மீது வண்டி படவேயில்லை, அதிர்ச்சி மட்டுமே அவரை நோயாளியாக்கியது. அந்த அதிர்ச்சிக்கும் நட்டஈடு கேட்கலாம் என்றார் நீதிபதி. பாதிக்கப்பட்டவர் முன்பே பலவீனர் என்பது தீங்கு செய்தவருக்குச் சாக்காகாது என்றும் சொன்னார். கட்டைபறிச்சானில் இந்த நியாயம் இன்னும் கனமானது. எல்லாவற்றையும் இழந்து திரும்பியவர்கள் என்பதால்தானே பாதுகாப்புப் பட்டி கேட்காமல், கூலி குறைந்தாலும் பேசாமல் சாரத்தில் ஏறினார்கள்? அந்த இழப்பு தந்த பணிவில் இலாபம் பார்த்தவர், அதே இழப்பு தந்த நடுக்கத்தை மட்டும் தனக்குச் சம்பந்தமில்லாதது என்று ஒதுக்க முடியாது.

இலங்கையில் வேலையில் காயப்படுபவர்களுக்கென 1934ஆம் ஆண்டிலிருந்து தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. 2022இல் உச்சத் தொகை ஐந்தரை இலட்சத்திலிருந்து இருபது இலட்சம் ரூபாவாக உயர்ந்தது. வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்தும் சேர்க்கப்பட்டது. நல்ல மாற்றம். ஆனால் விரலும் கண்ணும் போனால் சதவீதம் போடத் தெரிந்த சட்டத்துக்கு, எக்ஸ்ரேயில் விழாத பயத்தை அளப்பது கடினம். கொந்தராத்துக்குள் கொந்தராத்தாக நடக்கும் வேலையில் முதலாளி யார் என்பதே தெளிவில்லை. "காசு குடுத்தாச்சு" என்பதோடு உறவும் முடிந்துவிடுகிறது.

காயப்பட்டவர் முதலில் இழப்பது வேலையில் தன் இடத்தை. ஈழத்தமிழர் பலர் வாழும் மெல்பேர்ண் அமைந்த விக்டோரியா மாநிலத்தில், உடல் தேறிவருபவருக்கு ஏற்ற வேலையைக் கொடுக்கும் கடமை முதலாளிக்கு 52 வாரங்களுக்கு உண்டு. நாலு பேரை வைத்து வேலை செய்விக்கும் சின்ன முதலாளியிடம் அதே அளவைக் கேட்பது கொடுமை. அவரும் வட்டிக்குக் கடன் வாங்கியவராக இருப்பார். பணக் கடமை கையிருப்புக்கு ஏற்பக் குறையலாம். "அவனுக்கு விசர்" என்று மற்றவர்கள் சொல்லும்போது அவர்கள் வாயை அடைக்கும் கடமை குறையாது. அதற்குச் சல்லிக்காசும் வேண்டாம்.

நடுங்கும் கையோடு ஒருவரை உயரத்தில் ஏற்றினால் கீழே நிற்பவருக்கும் ஆபத்து. அதனால் உயரத்தை மறுக்கலாம், வேலையை மறுக்கக்கூடாது. பூச்சு வேலையில் பேர் எடுத்தவரை இரக்கத்தின் பேரில் மண் அரிக்க விடுவது இன்னொரு காயம். தரையில் நின்று எதைச் செய்ய விருப்பம் என்று அவரிடமே கேட்க வேண்டும். இளம் பொடியன்களுக்குப் பூச்சு பழக்குவதும் வேலைதான்.

கடைசியில் எல்லாம் வந்து நிற்பது ஒரு நாட்கூலியில். மனநலக் கிளினிக்குக்கு ஆஸ்பத்திரி போகும் நாளில் கூலி கிடையாது; அடுப்பு எரிய வேண்டுமென்று வேலைக்குப் போனால் மருந்து தவறுகிறது. அந்த ஒரு நாள் கூலியை வேலை கொடுத்தவர் தர வேண்டும். அவரால் முடியாத மாதத்தில், உடன் வேலை செய்பவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கொடுக்கலாம், நாளைக்குச் சாரத்தில் ஏறப்போவது அவர்களும்தான்.