பிறர் நாவால் பேசும் பொய்

வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரங்களில் நம் முன்னோர் வாழ்ந்த ஊர்களை விட்டு, பிழைப்பின் பொருட்டுச் சென்னைக்கும் பிற நகரங்களுக்கும் குடியேறிய குடும்பங்கள் பல. ஊரிலுள்ள பூர்விக வீட்டையோ, நகரில் கட்டிய வீட்டையோ விற்க வேண்டிய நிலை அக்குடும்பங்களுக்கு ஏதேனும் ஒரு காலத்தில் வருகின்றது. அப்பொழுது நாம் ஒரு தரகரை நாடுகிறோம். "யார் அதிக விலைக்கு முடித்துத் தருவார்?" என்பதே பெரும்பாலும் நாம் கேட்கும் கேள்வி. அணுவிரதம் ஏற்ற இல்லறத்தார்க்கு அக்கேள்வி ஒன்றே போதுமா என்பதைச் சிந்திப்போம்.

தரகர் என்பவர் வாங்க வருவோரிடம் நமக்காகப் பேசுபவர். அதாவது நம்முடைய நா. சமந்தபத்திராசாரியார் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் வாய்மை அணுவிரதத்தை விளக்குமிடத்து, தான் பொய் பேசாதிருத்தலோடு நிறுத்தவில்லை. பிறரைப் பொய் பேசச் செய்யாதிருத்தலையும் அவ்விரதத்தின் உறுப்பாக வைத்தார். தத்துவார்த்த சூத்திரமும் வினை வந்து சேரும் வழிகளைக் கணக்கிடுமிடத்துச் செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றையும் ஒரு வரிசையில் வைக்கிறது. பொய் சொல்லும்படி தரகரை ஏவினால் அது செய்வித்தல். அவர் சொல்வது பொய் என்றறிந்தும் வாளாவிருந்தால் அது உடன்படுதல். இரண்டிலும் வினை நம்மைச் சேர்வது உறுதி.

நாட்டின் சட்டமும் இதற்கு மாறுபடவில்லை. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி, முகவர் தம் தொழிலினூடே செய்யும் வஞ்சகம், அவரை அமர்த்தியவரே செய்ததற்கு ஒப்பாகும். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமோ, தமக்குத் தெரிந்ததும் வாங்குவோர் சாதாரணக் கவனத்தால் கண்டறிய இயலாததுமான முக்கியக் குறையை விற்பவர் வெளியிடவேண்டும் என்று விதிக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டுக் கொள்வோம். தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் ஒருவருக்கு வீடு இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அவ்வீட்டினுள் நீர் புகுந்தது. பின்னர்ச் சுவரைப் பூசி வண்ணம் அடித்துவிட்டார். மகளின் திருமணச் செலவுக்காக இப்பொழுது விற்க விரும்புகிறார். ஒரு தரகர், "வாங்குபவர் வெளியூர்க்காரர். வெள்ளத்தைப் பற்றி நீங்கள் வாய் திறக்க வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். மற்றொருவர், "தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவோம், விலை சற்றுக் குறையும்" என்கிறார். இவ்விருவருள் யாரை அமர்த்துவது?

"மகள் திருமணத்திற்கு வைத்த பணத்தில் குறைவு வந்தால் யார் தருவார்? கேட்டால்தானே சொல்லவேண்டும்?" என்று கேட்போர் உண்டு. அவர் துன்பம் எளிதன்று. அதனை இகழ்தல் தகாது. ஆயினும், குறையை மறைத்ததனால் மட்டுமே கிடைக்கும் அதிகத் தொகை வீட்டின் விலையன்று. வாங்குபவரின் அறியாமைக்கு இட்ட விலை. அவர் அறிந்திருந்தால் தரமாட்டார் அன்றோ? மனமறிந்து தராத பொருளைக் கொள்வது கள்ளாமை விரதத்திற்கு இழுக்கு. பிறர்க்குத் தீங்கு விளையுமாயின் உண்மையையும் சொல்லாதிருக்க நம் நூல்கள் இடம் தருவதை இங்கே துணைக்கு அழைக்க இயலாது. இங்கே தீங்கு விளைப்பது மௌனமே; அடுத்த பெருமழையில் அவ்வீட்டில் உறங்கும் குழந்தைகள் நம் குழந்தைகள் அல்லர் என்பது மட்டுமே வேறுபாடு.

இனி, நல்ல தரகரைத் தேர்வது எங்ஙனம்? 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் முகவர்கள் பதிவு பெறவேண்டும் என்கிறது. ஆனால் அது கட்டுமான நிறுவனத்தார் விற்கும் பதிவு பெற்ற திட்டங்களைப் பற்றியது; நம் பழைய வீட்டை விற்கும் தரகரை அளந்து பார்க்கும் கடமை நம்முடையதே. அதற்கு நான்கு சோதனைகள் உண்டு.

முதலாவது, வீட்டின் குறைகளை நாமே அவரிடம் சொல்லி, வாங்குவோரிடம் எவ்வாறு சொல்வார் எனக் கேட்பது. அவர் விடையிலேயே ஆள் விளங்கும்.

இரண்டாவது, தரகுக் கூலி. நூற்றுக்கு இவ்வளவு என்று முன்னரே எழுதிக்கொள்பவர் நன்று. "உங்களுக்கு வேண்டிய தொகையைச் சொல்லுங்கள்; மேல் வருவது எனக்கு" என்பவரிடம் எச்சரிக்கை தேவை. அம்மேல்தொகையே அவரைப் பொய்க்குத் தூண்டும். இரு தரப்பிலும் கூலி பெறுவாராயின் அது இரு தரப்பாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, பத்திரங்கள். நல்லவர் விலை பேசுமுன் மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்றிதழ் ஆகியவற்றைக் கேட்பார். உடன்பிறந்த பெண்களின் பங்கையும் கேட்பார். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் சமணர்க்கும் பொருந்தும். பூர்விகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு நிகரான பிறப்புரிமையை 2005ஆம் ஆண்டுத் திருத்தம் வழங்கியது. "தங்கை கையெழுத்து வேண்டாம், சமாளித்துவிடலாம்" என்பவர், நம்மை உடன்பிறந்தாளின் பொருளைக் கவரச் செய்பவர்.

நான்காவது, பத்திரத்தில் எழுதும் தொகை. வாங்கிய விலையைக் குறைத்தெழுதி மிகுதியை ரொக்கமாகப் பெறலாம் என்று சொல்வோர் உளர். பொய்ப்பத்திரம் எழுதுதல் வாய்மை விரதத்தின் அதிசாரங்களுள் ஒன்றாகவும், அரசு விதியை மீறுதல் கள்ளாமையின் அதிசாரங்களுள் ஒன்றாகவும் தத்துவார்த்த சூத்திரத்தில் எண்ணப்பட்டுள்ளன. ஒரே கையெழுத்தில் இரு விரதங்களும் பழுதுபடுகின்றன.

தரகரை அளக்கும் நாமும் அளக்கப்படவேண்டும். அவர் அழைத்துவந்த நபரிடமே பின்னர்த் தனியாகப் பேசி முடித்து, கூலி கொடாமல் விடும் வழக்கம் நம்மிடையேயும் இல்லாமலில்லை. உழைத்தவன் கூலியை மறைப்பதும் களவே. பொய்யரை நாம் தேடிச் செல்வதாலேயே அத்தொழிலில் பொய் பெருகுகிறது. மெய் சொல்லும் தரகர்க்கு வேலை தருவதும் அறத்தை வளர்ப்பதே ஆகும்.

விற்ற வீட்டின் சாவியை ஒப்படைத்து வரும்போது, அவ்வீட்டார் பின்னொரு நாள் வழியில் எதிர்ப்பட்டால் நாம் முகம் நிமிர்ந்து நலம் கேட்க இயலவேண்டும். அதற்கேற்ற தரகரையே தேர்வோமாக.