எள்ளும் இனிஷியலும்

தரங்கம்பாடியில் என் பிறந்த வீட்டில் யாருக்கும் குடும்பப் பெயர் கிடையாது. தம்பி மகள் மங்கை நர்ஸ் வேலைக்கு அயர்லாந்து கிளம்பியபோதுதான் அப்படி ஒன்று தேவைப்பட்டது. பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் தொல்லை என்று யாரோ சொல்ல, அப்பா பெயரை எழுதிவிட்டாள். இப்போது ஆஸ்பத்திரிக் கடிதமெல்லாம் செல்லப்பா என்ற பெயருக்குத்தான் வருகிறதாம்.

அவளோடு வேலை பார்ப்பவர்களில் மெக்கார்த்திகள் உண்டு. 'மெக்' என்றால் மகன். கார்ஹக் என்ற சிற்றரசர் 1045இல் தீயில் மாண்டார். அவர் வழிவந்தவர்கள் இன்றைக்கும் அவர் மகன்தான். ஓ'பிரையன்களோ 1014இல் குளோன்டார்ஃப் போரில் மடிந்த பிரையன் போருவின் பேரன்மார். நம்மிடமும் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் இருந்தாரே! ஆனால் நம் இனிஷியல் ஒரு தலைமுறையோடு இறங்கிக்கொள்ளும்.

செத்தவரை எத்தனை காலம் பிடித்து வைத்திருப்பது? ஆடி அமாவாசைக்குப் பூம்புகார் போவோம். அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று ஐயர் பெயர் கேட்பார். வசு, ருத்திரர், ஆதித்தியர் என்று மூவருக்கும் மூன்று ரூபம். மூன்றாவது பெயர் வரும்போது தம்பி எள்ளும் கையுமாக என்னைத் திரும்பிப் பார்ப்பான். நான் எடுத்துக்கொடுப்பேன். நாலாவது ஆளை ஐயர் கேட்பதில்லை. இதில் ஒரு கருணை இருப்பதாக எனக்குப் படுகிறது. வேறு உடம்பெடுத்துப் போயிருக்கக்கூடிய உயிரைப் பழைய பெயர் சொல்லி இழுப்பானேன்?

அதற்காக நாம் எல்லாவற்றையும் விட்டவர்களும் அல்ல. கோத்திரம் என்று ரிஷியைப் பிடித்திருக்கிறோம். சாதிப் பட்டத்தை விடச் சொல்லி 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. கையெழுத்தில் பட்டம் போயிற்று. கல்யாணத் தரகர் நோட்டில் பத்திரமாக இருக்கிறது.

எங்கள் ஊர் லுத்தரன் மிஷன் வேறு வழி பார்த்தது. கடலூர்க்காரர் ஆறுமுகம் 1718இல் ஞானஸ்நானம் பெற்று ஆரோன் ஆனார், 1733இல் குருப்பட்டமும் பெற்றார். பழைய மனிதன் அந்தத் தண்ணீரிலேயே செத்தான் என்பது அவர்கள் நம்பிக்கை. துணிச்சல்தான். ஆனாலும் அந்தச் சபையில் சாதி பார்த்துத் தனித்தனியாகத்தான் உட்கார்ந்தார்கள்.

எனக்கு உறுத்துவது இன்னொன்று. தர்ப்பணத்தில் அம்மாவுக்கும் பாட்டிக்கும்கூட எள்ளுத்தண்ணீர் உண்டு. இனிஷியலில் அவர்களுக்கு ஏது இடம்? கல்யாணத்தோடு என் எழுத்தே மாறியது. பள்ளிச் சான்றிதழில் ஒருத்தி, ரேஷன் கார்டில் இன்னொருத்தி. அயர்லாந்தின் பழைய மொழியில் மகளுக்கு 'மெக்' இல்லை, 'நிக்' என்று தனியாக உண்டென்று மங்கை சொன்னாள். அந்த மட்டுக்கு அவர்கள் தேவலை.

இப்போது அவள் முழுகாமல் இருக்கிறாள். பிள்ளைக்கு என்ன குடும்பப் பெயர் போட என்று போனில் கேட்டாள்.

“மங்கை என்றே போடேன்.”

“அப்பா கோபிக்க மாட்டாரா, அத்தை?”

“கோபிக்கட்டும். அவன் பேர் ஏற்கெனவே உன் பாஸ்போர்ட்டில் ஓசியில் அயர்லாந்து பார்த்தாச்சே.”