யாருடைய தோளில்?

ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கும் நாள்களில் நம் பங்கின் தொடக்கப்பள்ளித் தாழ்வாரத்தில் பெற்றோர் வரிசையாக நிற்பர். அவ்வரிசையினின்று சற்று ஒதுங்கி, தூணோரமாக, மகனின் மணிக்கட்டை இறுகப் பற்றியபடி ஒரு தாய் நிற்பதுண்டு. எல்லோரும் போகட்டும் என்று அவள் காத்திருப்பாள். பல பள்ளிகளின் படி ஏறி இறங்கியவர்களுக்கே அந்தக் காத்திருப்புப் பழகியிருக்கும். நான்கு ஆண்டுகளுக்கு முன் அப்படி நின்ற ஒருத்தியை நாம் அறிவோம். ஆறு வயது மகனுக்குப் பேச்சு வரவில்லை. அவன் யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. மணி ஒலித்தால் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு வாயிற்கதவை நோக்கி ஓடுவான். மருத்துவர்கள் ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். "சாமி, மத்த பிள்ளைங்களோட ஒரு ஓரமா உக்காந்திருந்தாப் போதும்" என்றாள், தாளாளராகிய பங்குத்தந்தையிடம்.

அவர் மறுக்கவில்லை. மகன் முதல் வகுப்பில் சேர்க்கப்பட்டான். அடுத்த ஞாயிறு திருப்பலியில் அச்செய்தி மறையுரையின் பகுதியாயிற்று. பள்ளி ஆலோசனைக் குழுவில் அமர்ந்திருந்த நாமும் நம் பங்கைக் குறித்துப் பெருமிதம் கொண்டோம். முதல் வகுப்பு ஆசிரியையிடம் மட்டும் யாரும் ஒரு சொல் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று நமக்குத் தோன்றவும் இல்லை.

அந்த வகுப்பில் அவனையும் சேர்த்து முப்பத்துநான்கு பிள்ளைகள். ஒரு கையால் அவனைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கரும்பலகையில் எழுதக் கற்றுக்கொண்டார் அந்த ஆசிரியை. பணி ஓய்வு பெற்ற ஆயாவின் இடம் நிரப்பப்படாததால், அவனைக் கழிப்பறைக்கு அழைத்துச் செல்வதும், ஆடை நனைந்தால் மாற்றுவதும் அவர் வேலையாயிற்று. அவ்வேளையில் எஞ்சிய முப்பத்துமூவரையும் அடுத்த வகுப்பு ஆசிரியை சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டார். 2022 முதல் எண்ணும் எழுத்தும் திட்டத்தின்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பிரித்துக் கற்பிக்க வேண்டும். அதற்கெனத் தனிப் பதிவுகள் வேண்டும். அன்றாட வருகையைக் கைப்பேசியில் ஏற்ற வேண்டும். பிற பெற்றோர் சிலர் வாயிலில் நின்று, "அந்தப் பையனையே பாத்துக்கிட்டிருந்தா எங்க பிள்ளைங்க எப்ப படிக்கிறது, டீச்சர்?" என்று கேட்டார்கள். ஒருநாள் அவர் முன்கையில் பல் பதிந்த தழும்பைக் கண்டோம். கேட்டதற்குச் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டார்.

பிப்ரவரியில் அவர் மறைமாவட்டத்தின் வேறொரு பள்ளிக்கு மாற்றல் கேட்டு எழுதினார். குழுக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில், ஆசிரியரிடையே அர்ப்பண உணர்வு குன்றிவருவது வருத்தத்திற்குரியது என ஒரு வாசகம் ஏறியது. அதை முன்மொழிந்தவர்களுள் நாமும் உண்டு. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த வாசகமே.

ஒரு நற்செயலைச் செய்யத் தீர்மானிப்பவர் ஒருவர், அதன் விலையைத் தருபவர் வேறொருவர் என்றால், அச்செயலின் நன்மை யாரைச் சேரும்? நம் பள்ளிகள் எல்லாப் பிள்ளைகளுக்கும் திறக்க வேண்டுமா என்னும் கேள்வியைக் காட்டிலும் இக்கேள்வியே கடினமானது. முன்னதற்குச் சட்டமும் விடை சொல்கிறது, நற்செய்தியும் விடை சொல்கிறது. 1994ஆம் ஆண்டு ஸ்பெயினின் சலமன்கா நகரில் 92 அரசுகளின் பேராளர்கள் கூடி, குறைபாடுள்ள பிள்ளைகளையும் பொதுப்பள்ளிகளே ஏற்க வேண்டும் என்று அறிவித்தனர். நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசின் நிதியோ அங்கீகாரமோ பெறும் கல்வி நிறுவனங்கள் அனைத்தும் அவர்களைப் பாகுபாடின்றிச் சேர்த்துக்கொள்ளுமாறு செய்ய அரசு முயல வேண்டும் என்கிறது.

இங்கே நம்மவர் சிலர் ஒரு சலுகையை நினைவூட்டுவதுண்டு. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மையினர் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது என 2014 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு மீண்டும் ஆராயத் தக்கது என 2025 செப்டம்பரில் அதே நீதிமன்றத்தின் ஈர் நீதிபதிகள் கருதினர் என்பது ஒருபுறம் இருக்கட்டும். நம் பள்ளிகளின் தனித்தன்மையைக் காப்பதற்காகப் பெற்ற உரிமையை, தூணோரம் நிற்கும் தாயை அனுப்பிவிடும் உரிமையாக எண்ணுவோமாயின், எந்தத் தனித்தன்மையைக் காத்தோம் என்று கேட்க நேரிடும். மேலும், 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் அத்தகைய விலக்கு எதுவும் இல்லை.

ஆகவே கதவு திறக்க வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. நம்மை உறுத்துவது அதற்குப் பின் நடப்பது.

நூறு ஆடுகளுள் வழிதவறிய ஒன்றைத் தேடிப்போன ஆயனின் உவமை நமக்கு மனப்பாடம். அதை எப்போதும் எண்ணிக்கையின் சிக்கலாகவே படித்து வந்திருக்கிறோம்: ஒன்று முக்கியமா, தொண்ணூற்றொன்பது முக்கியமா? வாயிலில் நின்ற பெற்றோரும் அதே கணக்கைத்தான் போட்டார்கள். லூக்கா எழுதியதை மீண்டும் படித்தபோது, நாம் கவனியாது விட்ட ஒரு சிறு விவரம் கண்ணில் பட்டது. கண்டுபிடித்த ஆட்டை ஆயன் தன் தோள்மேல் போட்டுக்கொள்கிறான். கூலியாள் ஒருவனை அனுப்பிச் சுமக்கச் செய்து, தான் வீட்டில் அண்டை அயலாரைக் கூட்டி விருந்து கொண்டாடவில்லை. நாம் கொண்டாடினோம், சுமந்த தோள் வேறொன்றாக இருந்தது.

சுமையின் கனத்தைச் சொல்லி முறையிடுவது விசுவாசக் குறைவு என்று யார் நமக்குக் கற்பித்தார்கள்? எண்ணிக்கை நூலின் பதினோராம் அதிகாரத்தில் மோசே ஆண்டவரிடம் முறையிடுவது சாதாரண முறையீடன்று. இம்மக்களை நானா பெற்றேன், பால்குடிக் குழந்தையைத் தூக்குவதுபோல் நான் ஏன் தூக்க வேண்டும் என்று கேட்டுவிட்டு, இதைவிட என்னைக் கொன்றுவிடும் என்றே வேண்டுகிறார். ஆண்டவர் அவருக்கு அர்ப்பணத்தைப் பற்றி அறிவுரை கூறவில்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. மூப்பர் எழுபது பேரைக் கூட்டிவரச் சொல்லி, மோசேயின்மேல் இருந்த ஆவியில் அவர்களுக்கும் பங்களித்தார். எழுபது பேர்! நம் ஆசிரியை கேட்டது ஓர் ஆயாவை.

ஆண்டவர் எழுபது மூப்பரைக் காட்டினார். நம் அரசும் சிறப்பாசிரியரைக் காட்டுகிறது என்று சொல்லலாம். தொடக்க வகுப்புகளில் இத்தகைய பிள்ளைகள் பத்துப் பேருக்கு ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் கூறியது. நாம் அறிந்த பள்ளிக்கு வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்பாசிரியர் வாரத்தில் ஒருநாள் வருவார். அன்று வேறு பள்ளிக்கும் போக வேண்டும். நல்ல மனிதர். அந்தச் சிறுவனுக்கு மணியோசைக்கு முன் ஒரு படத்தைக் காட்டிப் பழக்கலாம் என்று சொல்லிக் கொடுத்தவர் அவரே. சில வாரங்களில் அவன் ஓடுவது குறைந்தது. ஆனால் அவர் வராத நாள்கள் நான்கு. வராத நாள்களில் அவனுடைய தாய் தாழ்வாரத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும் எனப் பல பள்ளிகளில் வாய்மொழியாக ஒரு நிபந்தனை உண்டு. பீடி சுற்றியோ வீட்டு வேலை செய்தோ பிழைக்கும் ஒருத்திக்கு அது மறுப்பதற்கு ஒப்பானதே.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் கடந்து போக இயலாது. ஆசிரியரின் சோர்வைப் பற்றி இவ்வளவு பேசினால், அது ஒரு வசதியான சாக்காகிவிடக் கூடும். "எங்களுக்கு ஆட்சேபம் இல்லை, எங்கள் ஆசிரியர்களால் முடியாது" என்பது இன்று நம் பள்ளிகளில் வழங்கும் மிக நாகரிகமான மறுப்பு. தாயின் மனம் நோகாதவாறு, வேறு நல்ல பள்ளியின் முகவரியோடு சொல்லப்படும். ஆசிரியரிடம் கேட்காமலே சேர்ப்பதும், ஆசிரியரின் பெயரைச் சொல்லியே மறுப்பதும் நம் பார்வையில் ஒரே குற்றத்தின் இரு முகங்கள். இரண்டிலும் அவர் ஒரு மனிதராகக் கருதப்படவில்லை. ஓரிடத்தில் தூணாகிறார், மற்றோரிடத்தில் திரையாகிறார்.

ஆசிரியர்களின் பாதுகாவலரான புனித ஜான் பாப்டிஸ்ட் தெ லா சாலின் வாழ்வில் நிகழ்ந்த ஒன்று இதற்கு ஒளி தருகிறது. பிரான்சின் ரெய்ம்ஸ் நகரில் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். பேராலயக் குருக்கள் குழுவில் இடம் பெற்றவர். அப்பதவிக்கு நிலையான வருவாய் உண்டு. ஏழைச் சிறுவருக்குக் கற்பித்த ஆசிரியர்கள் எளிய பின்னணியினர். 1681இல் அவர்களைத் தம் வீட்டிலேயே தங்கவைத்தபோது உறவினர் சினந்தனர். பின்னர் அவ்வாசிரியர்கள், நாளை நோயுற்றால், மூப்படைந்தால் எங்கே போவோம் என்று கலங்கினர். லா சால் அவர்களுக்கு இறைப் பராமரிப்பைப் பற்றி உருக்கமாகப் பேசினார். அவர்கள் அமைதியாகக் கேட்டுவிட்டு, உமக்கென்ன, பதவி இருக்கிறது, சொத்து இருக்கிறது, பள்ளி மூடினாலும் உம் சோறு போகாது என்ற பொருள்பட விடையளித்தனர். வேறொருவராயின் நன்றி கெட்டவர்கள் என்றிருப்பார். அவரோ அவர்கள் சொன்னது உண்மை என்று கண்டார். 1683இல் பேராலயப் பதவியைத் துறந்தார். அடுத்து வந்த பஞ்சத்தில் தம் செல்வத்தை ஏழைகளுக்குப் பகிர்ந்தளித்தார். தியாகத்தைப் பற்றி அவர் பிறகும் பேசினார். ஆனால் அப்போது கேட்டவர்களுடன் ஒரே பந்தியில் அமர்ந்து பேசினார்.

நம் நிலையை அதனோடு ஒப்பிடக் கூச்சமாக இருக்கிறது. அரசு உதவிபெறும் பணியிடங்களில் உள்ளோருக்காவது ஊதியக் கவலை இல்லை. அதே பள்ளிகளில் நிர்வாகமே சம்பளம் தரும் ஆசிரியைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தரப்படும் தொகையை வெளியில் சொல்ல நாமே தயங்குகிறோம். பள்ளியை ஆலயம் என்றும், பணியை இறையழைத்தல் என்றும் அவர்களிடம்தான் மிகுதியாகப் பேசுகிறோம். தியாகம் தன் விருப்பத்தால் தரப்படும்போது அழகியது. வேறொருவர் அதைக் கேட்டு வாங்கும்போது அதன் பெயர் வேறு.

அப்படியாயின் பள்ளியை நடத்துபவர் செய்யக் கூடியது என்ன? பெரிய திட்டங்களை நாம் அறியோம். கண்ணால் கண்டதைச் சொல்கிறோம். அந்தப் பள்ளிக்குப் பின்னர் வந்த தலைமையாசிரியை ஓர் அருட்சகோதரி. அவர் முதலில் செய்தது, நாள்தோறும் காலை இரண்டாம் பாடவேளையில் அந்தச் சிறுவனின் வகுப்பைத் தாமே எடுத்தது. நாற்பது நிமிடம் ஆசிரியை ஓய்வறையில் தேநீர் அருந்தலாம், பதிவேடு எழுதலாம், சும்மாவும் இருக்கலாம். சோர்ந்த சீடரைத் தனிமையான இடத்துக்கு ஓய்வெடுக்க அழைத்த ஆண்டவர், மக்கள் திரள் அங்கும் வந்துவிட்டபோது, தாமே கற்பிக்கத் தொடங்கினார் என்று மாற்கு எழுதியிருப்பது நினைவுக்கு வந்தது. (மாலையில் உணவு பரிமாறும் வேலையைச் சீடருக்கே கொடுத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) அடுத்து, ஒரே ஆசிரியை தொடர்ந்து இரண்டாம் ஆண்டும் அவனை ஏற்க வேண்டியதில்லை என்று விதித்து, எல்லா ஆசிரியைகளுக்கும் அவனைப் பழக்கினார். ஆண்டு விழாவுக்கான ஒரு மாத ஒத்திகையை ஒரு வாரமாகக் குறைத்தார். இதற்குப் பெற்றோரிடமும் நம் குழுவிலும் முணுமுணுப்பு எழுந்தது. முடியவில்லை என்று ஓர் ஆசிரியை சொன்னால், அது குறிப்பேட்டில் ஏறாது என்றும் உறுதியளித்தார். பள்ளியின் முகம் மாறியதற்கு இதுவே முதற்காரணம் என்பது நம் எண்ணம்.

அவரை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? மாலையில் கன்னியர் மடத்துக்குத் திரும்பிய பின்னும் கணக்கேடுகளோடு அமர்ந்திருப்பதைப் பலர் கண்டிருக்கிறார்கள். இதற்கு நம்மிடம் விடையில்லை.

மாற்றல் பெற்றுச் சென்ற ஆசிரியையைச் சென்ற தவக்காலத்தில் போய்ப் பார்த்தோம். குறிப்பேட்டில் எழுதியதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அவருக்கு அது முன்பே தெரிந்திருந்தது. "அவன் இப்ப எப்படி இருக்கான்?" என்றுதான் கேட்டார். ஐந்தாம் வகுப்புக்குப் போகிறான், காலை வழிபாட்டில் மணியடிப்பவனே அவன்தான் என்றோம். சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "அவனை விட்டுட்டுப் போகணும்னு நான் கேக்கலைங்க. ஒரு ஆள் வேணும்னுதான் மூணு தடவை கேட்டேன்" என்றார்.

இவ்வாண்டுச் சேர்க்கைக்கு முன் தலைமையாசிரியை எல்லா ஆசிரியைகளையும் அமர்த்தி, டவுன் நோய்க்கூறு உள்ள ஒரு சிறுமியின் விண்ணப்பத்தை முன்வைத்தார். யார் எந்த நேரத்தை ஏற்பது என்று பேசி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. நண்பகல் உணவு வேளைக்கு உபதேசியாரின் மனைவி வருவதாக ஒப்புக்கொண்டார். முழுநேர உதவியாளர் ஒருவருக்கான ஊதியம் வேண்டும் என்ற கோரிக்கை மட்டும் பங்குப் பேரவைக்கு வந்திருக்கிறது. பாதுகாவலர் திருவிழாவின் வாணவேடிக்கைச் செலவும் அதே கூட்டத்தில் பேசப்பட உள்ளது. வருகிற ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப் பின் பேரவை கூடுகிறது. நாமும் அதில் ஓர் உறுப்பினர்.