முந்தியவருக்கே உரிமையா?

பொதுவான பொருள் ஒன்று எல்லோருக்கும் போதாதபோது, அது முதலில் வந்தவருக்கா, தேவை உள்ளவருக்கா? அறநூல்கள் நெடுங்காலமாகக் கேட்டுவரும் இந்தக் கேள்வி, குடியாத்தத்தில் புதிதாக இணைய இணைப்பு கொடுக்கத் தொடங்கும் சிறு நிறுவனத்தின் முன்னாலும் நிற்கிறது. இணையத்தில் இணையும் கருவிகளுக்கு எண் முகவரி தரும் பழைய முறையான ஐபிவி4-இல் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள்தான். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. அமெரிக்காவின் எம்ஐடி கல்வி நிறுவனம் தொடக்க காலத்தில் ஏறத்தாழ 1.67 கோடி முகவரிகளைப் பெற்றது. 2017இல் அவற்றில் ஒரு பகுதியை விற்கவும் செய்தது. முகவரிகளைப் பங்கிடும் ஆசிய பசிபிக் பதிவகமான ஏப்னிக்கின் 2019 விதிப்படி, புதிதாக வருபவருக்கு அதிகபட்சம் 512 முகவரிகளே.

அவ்வளவுதான் கையில் இருந்தால், பல வீடுகள் ஒரே முகவரியைப் பகிர வேண்டியதாகிறது. ஒருவர் செய்த தவறுக்காக ஓர் இணையதளம் அந்த முகவரியைத் தடுத்தால், தவறே செய்யாத கைலி வியாபாரியும் சேர்த்துத் தடுக்கப்படுவார். ஆனாலும் அந்த 512 என்ற வரம்பை நான் குறையாகப் பார்க்கவில்லை. மிச்சமிருந்ததைப் பெரிய நிறுவனங்கள் அள்ளிக்கொள்ள விடாமல், இனி வரப்போகிறவர்களுக்காக எடுத்துவைத்த பங்கு அது. வாய்க்கால் பாசனத்தில் தலைமடைக்காரர் முதலில் பாய்ச்சலாம். கடைமடையின் பங்கை விற்க அவருக்கு உரிமையில்லை. முகவரியும் பயன்பாட்டுக்காக ஒப்படைக்கப்பட்டதே தவிர, யாருடைய சொத்தும் அல்ல.

முன்னோடிகள் பணமும் உழைப்பும் போட்டுத்தானே இணையத்தை வளர்த்தார்கள் என்று கேட்கலாம். உண்மை. பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகளும் வேலை கொடுத்தன, அந்நியச் செலாவணி ஈட்டின. 1996இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டே, ஆற்றையும் நிலத்தையும் கெடுக்க அது உரிமை தராது என்று தீர்ப்பளித்தது. உழைப்பு பயனுக்கு உரிமை தரும். பொதுவை முடக்கிவைக்க உரிமை தராது. சந்தையில் விற்றால் சும்மா கிடக்கும் முகவரி புழக்கத்துக்கு வருமே என்பது அடுத்த வாதம். வரும், ஆனால் பணம் இருப்பவரிடம்தான் போகும். புதிய முறையான ஐபிவி6 வந்தபின் பஞ்சம் ஏது என்பது மூன்றாவது. அதில் முகவரிகள் ஏராளம்தான். ஆனால் அதற்கு மாறாத தளங்கள் உள்ளவரை பழைய முகவரி இல்லாமல் முடியாது. ஆகவே, பயன்படுத்தாத முகவரிகளை வைத்திருப்போர் அவற்றை விலை பேசாமல் பதிவகத்திடம் திருப்பித் தரட்டும். தாமதமாக வந்தவரின் தேவையை முன்வைத்தே பங்கீடு நடக்கட்டும். அதுவே நியாயம்.